கால் எட்டும் ஆழம்

“இந்தக் குளம் உங்களுக்கு ஆகாதுங்க.”

சொன்னவன் யாரென்றே ஜெயபாரதிக்குத் தெரியாது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பி அவளை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தான்... சொல்லிவிட்டான்.

அவளுக்குச் சுரீரென்றது.

அவிநாசி ரோட்டில் இருந்த அந்த ஓட்டலுக்குள் நுழைவதற்கே அவள் வாசலில் ஐந்து நிமிடம் தயங்கி நின்றிருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் நன்றாகத்தான் பேசினாள். வெளியாட்களும் சேரலாம், பின்பக்கம் போய்க் குளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். இது மூன்றாவது இடம். முதலில் போன பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு மட்டும்தான் என்றார்கள். அடுத்துப் போன அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். இங்கேதான் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று மனசு லேசாகிக்கொண்டிருந்தது. அதற்குள் இவன்...

“ஏங்க, பனியன் கம்பெனியில வேலை பாக்குறவ இறங்கினா தண்ணி அழுக்காயிருமோ?”

அவன் பதறி எழுந்தான். “அய்யோ... அப்படி இல்லீங்க...”

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். விறுவிறுவென்று என்பதுகூட அவளுடைய நினைப்புதான். இடுப்புக்குக் கீழே சுண்டியிழுத்த வலி, நாலு எட்டுக்கு ஒருமுறை முதுகில் கையை ஊன்ற வைத்தது.

எல்லாம் அந்த முதுகால் வந்த வினை. பதினேழு வயதில் கமுதியிலிருந்து அம்மாவோடு திருப்பூருக்கு வந்தவள். பதினான்கு வருடம் ஓவர்லாக் மெஷினில் குனிந்து உட்கார்ந்து தைத்தாள். தம்பி படித்தான், தங்கைக்குக் கல்யாணம் ஆனது, ஜெயபாரதிக்கு முப்பத்தொன்று ஆனது... முதுகுத் தண்டில் தட்டு விலகியது. செக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும், அதுவும் முடியவில்லை. ஆறு மாதம் தண்ணீரில் உடற்பயிற்சி செய்யுங்கள், நீச்சல் பழகுங்கள், வலி குறையாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்கா இன்னும் கட்டிலை விட்டுச் சரியாக எழவில்லை.

வாசலுக்கு வந்தபோது கோடை மழை பிடித்துக்கொண்டது. வைகாசி மாதத்து மழை... சூடான தார் ரோட்டில் விழுந்து ஆவியாக எழுந்தது. அவள் ஓட்டல் முகப்பின் கீழே ஒதுங்கி நின்றாள். பின்னாலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம்.

அவன்தான். நாலு முழம் தள்ளி நின்றான். மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடியைக்கூட ஒதுக்காமல் பேசினான்.

“கோவிச்சுக்காதீங்க. நான் சொன்னது உங்களை இல்லீங்க... குளத்தைத்தான்.”

அந்தக் குளத்தில் ஆழம் குறைந்த பக்கமே நாலரை அடியாம். அவள் உயரத்துக்கு நின்றால் மூக்கு வரை தண்ணீர் வருமாம். படிக்கட்டு கிடையாது, செங்குத்தான இரும்பு ஏணிதான். நீச்சல் தெரிந்தவர்களுக்குச் சரி, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது ஒத்துவராது என்றான்.

“வந்ததுல இருந்து மூணு தடவை முதுகைப் புடிச்சுட்டு நின்னீங்க. அந்த ஏணியில எப்படி ஏறுவீங்கன்னு... மனசு கேக்கலீங்க.”

ஜெயபாரதி அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். குளோரின் பட்டுப் பட்டுச் சிவந்த கண்கள். கேலி ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. இமை நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது...

சீ, இதையெல்லாமா பார்ப்பது! அவள் சட்டென்று ரோட்டைப் பார்த்தாள்.

அவன் பெயர் அருள்செல்வன். பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துக் குடும்பம். சுற்று வட்டாரத்தில் பத்தொன்பது நீச்சல் குளங்களுக்கு மோட்டார், வடிகட்டி, மருந்து எல்லாம் அவன் பொறுப்பு. எந்தக் குளம் எத்தனை அடி, எங்கே படி இருக்கிறது, எங்கே பெண்களுக்குத் தனி நேரம் என்று எல்லாம் மனப்பாடம் என்றான். உங்களுக்கு ஏற்ற மாதிரி ஒன்று பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு, போன் நம்பரைக் கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தான்.

அவளாகவே நம்பரைச் சொன்னாள். சொன்ன பிறகுதான் காது சூடானது.

அதன் பிறகு புதன்கிழமை சாயங்காலம் ஆனால் போன் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு குளம். ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சேவூர் தாண்டி ஒரு பண்ணை வீட்டுக் குளம்... ஆழம் சரியாக இருந்தது, உடை மாற்றும் அறைக்குக் கதவுதான் இல்லை. இன்னொன்றில் கதவு இருந்தது, சொல்லிக்கொடுப்பவர் ஆணாக இருந்தார். இன்னொன்றில் எல்லாமே இருந்தது, பெண்களுக்கான நேரம் பகல் பதினொரு மணி என்றார்கள். அந்த நேரத்தில் கம்பெனியில் அவளுக்கு முன்னால் மலை மாதிரி டி-ஷர்ட் குவிந்திருக்கும்.

“உங்களுக்குக் குளம் பாக்கறது பொண்ணு பாக்கற மாதிரி இருக்குதுங்க,” என்றான் ஒருநாள். “ஒண்ணு பொருந்துனா இன்னொண்ணு பொருந்த மாட்டேங்குது.”

“நான் வேணா ஜாதகத்தைக் குடுத்து அனுப்பவா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. இந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். முதுகு வலி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை என்று அம்மா கருத்தம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எப்போது நீச்சல் பழகினீர்கள் என்று ஒருமுறை அவள் கேட்டாள். எங்கள் தோட்டத்தில் பெரிய கிணறு இருக்கிறது என்று மட்டும் சொன்னான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கிணறு இருக்கிற தோட்டத்துப் பையனுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும்...

ஐந்தாவது வாரம் ஒரு குளம் பொருந்தியது.

பல்லடம் தாண்டி ஒரு தோட்டத்தில், கம்பெனி முதலாளி ஒருவர் முட்டியில் ஆபரேஷன் செய்த தன் அம்மாவுக்காகக் கட்டியது. மேலே கூரை போட்டிருந்தார்கள். இரண்டரை அடியில் தொடங்கி மெல்ல மெல்லச் சரிந்து அந்தப் பக்கம் ஏழடி வரை போகும். அகலமான படிகள். அம்மா குணமாகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை காலையும் புதன்கிழமை சாயங்காலமும் வெளியாட்களுக்கு விட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும். பயிற்சியாளர் நாகஜோதி, இருபத்து நாலு வயது தேனிக்காரப் பெண். தன்னைவிட மூத்த பெண்களையெல்லாம் வாங்கக்கா, வாங்கக்கா என்று தண்ணீருக்குள் கூப்பிடுவாள்.

சாம்பிள் பிரிவில் இருந்த தோழி, மிச்சம் விழுந்த லைக்ரா துணியில் கை முழுக்க, கால் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு நீச்சல் உடை தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஜெயபாரதி முதல் படியில் நின்றபோது, வலது பக்கம் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கைப்பிடி இருந்தது. குளத்துச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. அதுவரை போனால் தண்ணீர் அவள் நெஞ்சு வரைதான் வரும். அதைத் தாண்டினால்தான் ஆழம்.

நாகஜோதிதான் விஷயத்தைச் சொன்னாள். கைப்பிடியும் கோடும் முன்பு கிடையாதாம். அருள் அண்ணன் முதலாளியிடம் அனுமதி கேட்டு, போன வாரம் தானே வெல்டிங் வைத்துப் பொருத்தினாராம். முதுகு வலி உள்ள ஒருத்தர் வருகிறார், நாலடி பத்து அங்குலம் உயரம் என்று சொல்லிச் சொல்லிக் கோடு போட்டாராம்.

ஜெயபாரதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் முதலில் பாதத்தைத் தொட்டது, பிறகு முட்டியை, பிறகு... வலிக்கிற இடத்தை. யாரோ குளிர்ந்த உள்ளங்கையை வைத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது வகுப்பில் மிதக்கக் கற்றுக்கொண்டாள். நாகஜோதி பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்து, உடம்பை விட்டுவிடுங்கள் அக்கா என்றாள். பதினான்கு வருடமாக எதையும் விட்டறியாத உடம்பு அது. எப்படி விடுவதென்று அதற்குத் தெரியவில்லை. ஒரு தடவை... இரண்டு தடவை... பிறகு ஏதோ ஒரு நொடியில் விட்டது. காதுக்குள் தண்ணீரின் அமைதி. கூரை மேலே மெல்ல நகர்ந்தது. முதுகில் வலி இல்லை. இருந்த இடமே தெரியவில்லை. அவள் கண்ணோரம் வழிந்தது தண்ணீரோடு தண்ணீராகப் போனது.

அன்று வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மோட்டார் அறை வாசலில் அருள்செல்வன் நின்றிருந்தான். பெண்கள் நேரம் முடிந்த பிறகுதான் அவன் உள்ளே வருவான்.

“மிதந்தேங்க,” என்றாள்.

“உங்க முகத்துலயே தெரியுதுங்க,” என்றான். சிவந்த கண்கள் இன்னும் கொஞ்சம் சிவந்தன.

ஆனி, ஆடி, ஆவணி... வாரத்துக்கு இரண்டு நாள் ஐந்து நிமிடப் பேச்சு. சில நாள் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடப்பான், பைக்கைத் தள்ளிக்கொண்டு. அவள் கையைக் காலை அடித்து அரைக் குளம் கடந்தாள், பிறகு முழுக் குளமும் கடந்தாள். இது நட்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் சிரிப்பு மட்டும் தானாக வந்தது.

புரட்டாசி முதல் ஞாயிறு. வகுப்பு முடிந்து மற்றவர்கள் உடை மாற்றப் போயிருந்தார்கள். ஜெயபாரதி முதலில் மாற்றிக்கொண்டு வந்து, ஈரத் தலையைத் துவட்டியபடி குளத்தோரம் நின்றாள். எதிர்ப்பக்கம், ஏழடி ஆழத்தின் ஓரத்தில், அருள்செல்வன் நீளமான அலுமினியக் கம்பியால் தண்ணீருக்கு அடியில் இருந்த தூசியை வாரிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல நிமிர்ந்தான். ஈரத் தரையில் கால் வழுக்கியது.

தொப்பென்று விழுந்தான். விளையாட்டு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இப்போது நீந்தி வந்து சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை. தலை ஒருமுறை மேலே வந்தது. கண்கள் அகல விரிந்து, வாய் திறந்து, சத்தமே வராமல்... மறுபடி உள்ளே போய்விட்டது. ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது.

இவருக்கு நீச்சல் தெரியாது!

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. குதிக்கத் துடித்த காலை நாகஜோதியின் பாடம் பிடித்து நிறுத்தியது. மூழ்குகிறவரைக் காப்பாற்றப் புதிதாகப் பழகியவர்கள் குதிக்கக் கூடாது, படுத்துக்கொண்டு எதையாவது நீட்ட வேண்டும். மிதந்துகொண்டிருந்த கம்பியை இழுத்தாள். தரையில் குப்புறப் படுத்து நீட்டினாள். “நாகஜோதி” என்று கத்தினாள். கம்பி அவன் தோளில் இடித்தது. அவன் பிடிக்கவில்லை. “பிடிங்க... என்னையப் பாருங்க... பிடிங்க” என்று கெஞ்சினாள். பிடித்தான். அவன் எடை முழுவதும் அவள் கையில் இறங்கியது. முதுகு ஒருமுறை கதறியது. அவள் விடவில்லை. அதற்குள் நாகஜோதி ஓடிவந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

தரையில் படுத்து இருமி இருமித் தண்ணீரைத் துப்பினான். பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பயம் தெளிந்த வேகத்தில் நாகஜோதி சிரித்துவிட்டாள். “என்னண்ணே, பத்தொன்பது குளம் பாக்குறவருக்கு நீச்சலே தெரியாதா?”

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அருள்செல்வன் எழுந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஜெயபாரதியின் முகத்தை மட்டும் ஒரு கணம் பார்த்தான்... பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது போல் தலையைக் குனிந்தான். சொட்டச் சொட்ட வெளியே போனான்.

அடுத்த புதன்கிழமை அவன் வரவில்லை. அவனுடைய கூட்டாளி ஆத்தப்பன் வந்து மருந்து போட்டுவிட்டுப் போனார். ஞாயிறும் அவர்தான். ஜெயபாரதி போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. இப்படியே மூன்று வாரம்.

முதலில் கவலை, பிறகு கோபம். நான் என்ன செய்தேன்? உயிரைப் பிடித்து இழுத்தது தப்பா? வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அவள் பஸ் ஏறி எங்கோ போய் வந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்ட கருத்தம்மாவுக்கு, ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதுகை மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை உயர்த்திப் பார்த்தார், அவளைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். ஆபரேஷன் தேவையில்லை, நீச்சலை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். வெளியே வந்ததும் அவள் கை தானாக அந்த நம்பரைத்தான் அழுத்தியது. மணி அடித்து அடித்து நின்றது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். கருத்தம்மா குலசாமியைக் கும்பிட்டாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்தாள். நல்ல செய்தி சொன்ன முகமாக அது இல்லை.

“ஏத்தா, அந்தத் தம்பிக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

ஜெயபாரதி யோசித்தாள். ஐந்து மாதத்தில்... ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

“போயிச் சொல்லிட்டு வா. போன்ல வேணாம். நேர்ல சொல்லு.”

ஆத்தப்பனிடம் இடம் கேட்டுக்கொண்டு மறுநாளே போனாள். பல்லடத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்னக் கடை. அவள் உள்ளே காலை வைக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அருள்செல்வன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான். கையில் இருந்த கிரீஸைத் துடைக்கத் துணி தேடினான், கிடைக்கவில்லை.

“போனை எடுக்க மாட்டீகளா?”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க எடுக்கறது?”

சொல்லிவிட்டு, அவனாகவே மெல்லச் சொன்னான். எட்டு வயதில் சித்தப்பாமார்கள் நீச்சல் பழக்குவதாக இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் தள்ளினார்களாம். கயிறு நழுவிவிட்டது. வெளியே எடுத்தபோது இரண்டு நாள் பேச்சு வரவில்லையாம். அதன் பிறகு அவன் கிணற்றுப் பக்கமே போகவில்லை. தோட்டத்தில் எல்லோரும் நீந்துவார்கள், இவனை மட்டும் பயந்தாங்கொள்ளி என்பார்கள். தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருந்தால் பயம் போய்விடும் என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தானாம். பதினொரு வருடமாகியும் போகவில்லை.

“எந்தக் குளத்துக்குப் போனாலும் எனக்குக் கால் எட்டுமான்னுதாங்க மொதல்ல பாப்பேன். அதனாலதான் எல்லாத்தோட ஆழமும் எனக்குத் தெரியும். வேற ஒரு தெறமையும் இல்லீங்க.” அவன் குரல் இறங்கியது. “ஊரு பூராச் சிரிச்சாலும் பரவால்லீங்க. உங்க முன்னால... அப்படிக் கெடந்ததைத்தான் தாங்க முடியல.”

ஜெயபாரதி அவனையே பார்த்தாள். தன் பயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் எனக்கு வழி பார்த்திருக்கிறாரே இந்த மனிதர்... தன் கால் எட்டாத இடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, என் கால் எட்டுகிற இடத்துக்குக் கோடு போட்டிருக்கிறாரே...

“எனக்கு ஆபரேசன் வேணாம்னுட்டாக,” என்றாள். “நேத்துதான் சொன்னாக. முதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு போன் பண்ணேன். நீங்க எடுக்கல.”

அவன் அப்படியே நின்றான். கண்கள் நிறைந்தன.

“நன்றிங்க. அஞ்சு மாசமாச் சொல்லாம விட்டுட்டேன். ராத்திரி திரும்பிப் படுக்க முடியுது... குடத்தைத் தூக்க முடியுது... நாளைக்கு என்ன ஆகும்னு பயமில்லாம இருக்கு. எல்லாம் நீங்க தேடிக் குடுத்தது.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். மூன்று வாரமாக அவள் பஸ் ஏறிப் போனது அதற்குத்தான். தாராபுரம் ரோட்டில் ஒரு குளம். அவன் வேலை பார்க்கும் பத்தொன்பதில் சேராதது. மூன்றடியில் தொடங்கும், படி உண்டு. சனிக்கிழமை காலை பெரியவர்களாகப் பழக வரும் ஆண்களுக்கு மட்டும். பயிற்சியாளர் ஆரோக்கியராஜ் தானே நாற்பது வயதில் பழகியவராம், யாரையும் தள்ளிவிட மாட்டாராம். அவரிடம் நேரில் பேசி, இந்தச் சனிக்கிழமை ஒருவர் வருவார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அருள்செல்வன் சீட்டைப் படித்தான். கிரீஸ் விரல் பதிந்தது. மறுபடி படித்தான்.

“எனக்காகத் தேடுனீங்களா...”

“உங்களுக்கு ஆகுற குளமான்னு நாலு எடத்துல பாத்தேன். மூணு ஆகல.”

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் வழிந்தது, புறங்கையால் துடைத்துக் கன்னமெல்லாம் கரியாக்கிக்கொண்டான். அவளுக்கு அதைத் துடைத்துவிட வேண்டும் போல் இருந்தது... கை எழுந்து பாதியில் நின்றது.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

“அன்னைக்கு உங்க கை மட்டும் மேல தெரிஞ்சப்ப... இந்த மனுசன் இல்லாம இனி எப்படி இருப்பேன்னு தோணுச்சுங்க. யாரைப் பத்தியும் எனக்கு அப்படித் தோணினதில்ல.” தலை தானாகக் குனிந்தது. “சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்.”

தகரத்தில் மழை கொட்டியது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் நிமிர்ந்தாள். அவன் கரி பூசிய முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க ஊட்டுல ரெண்டு நாள் சத்தம் போடுவாங்க. வேற சாதி, வேற ஊருன்னு. மூணாவது நாள் எங்கம்மாளை நானே கூட்டிட்டு வர்றேனுங்க, உங்கம்மாவைப் பாக்க. பொறகு எத்தனை நாள் சத்தம் போட்டாலும் நான் மாற மாட்டேன்.”

“எங்கம்மாதான் என்னைய இங்க அனுப்பினாக.”

அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான். உதடு அசைந்தது. சொன்னது மழைச் சத்தத்தில் பாதி கரைந்தது.

“என்னங்க? மழையில கேக்கல...” என்றாள். நன்றாகவே கேட்டிருந்தது.

அருள்செல்வன் மூச்சை இழுத்துக்கொண்டு, பக்கத்துக் கடைவரை கேட்கும்படி சத்தமாகவே சொன்னான்.

“உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க, ஜெயபாரதி.”